மாடிப்படியில் உட்கார்ந்து கேட்ட நாடகம்

எங்கள் பிளாக்கில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டது குறைவு. காதால் தெரிந்துகொண்டதுதான் அதிகம். விடியற்காலையில் பம்ப் ஸ்டவ்வுக்குக் காற்றடிக்கிற சத்தம் கேட்டால் கீழ் வீட்டு இட்லி அத்தை எழுந்துவிட்டார். படியில் நின்று நின்று ஒரு இருமல் ஏறி வந்தால், வாட்ச்மேன் தாத்தா ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறார். இரவில் செருப்பு இழுத்துக்கொண்டு வந்தால் மேல் வீட்டு அண்ணன் குடித்திருக்கிறார். சீராக வந்தால் மாடி அக்கா அன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவார்.

வடசென்னையில் குடிசை மாற்று வாரியம் கட்டிய பழைய பிளாக் ஒன்றில் நான் வளர்ந்தேன். தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடி. வாரியம் தொடங்கியது 1970-இல். பெயர் மாறி இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று ஆகிவிட்டது, ஆனால் அங்கே இருக்கிறவர்களுக்கு அது எப்போதும் 'போர்டு வீடு'தான். ஒரு அறை, ஒரு சமையல் மூலை, அவ்வளவுதான். அதில் நாங்கள் ஐந்து பேர். உள்ளே இடம் இல்லாததால் எங்கள் வாழ்க்கையில் பாதி மாடிப்படியில் நடந்தது. நான் டியூஷன் பாடம் எழுதியது மூன்றாவது படியில். அம்மா கீரை ஆய்ந்தது அதற்கு மேல் படியில். ஆயா தன் பல்லில்லாத வாயால் ஊர் நியாயம் பேசியது முதல் மாடித் திருப்பத்தில், காற்று வருகிற ஜன்னலுக்குக் கீழே.

இதையெல்லாம் எழுதக் காரணம் ஒரு பழைய நாடகம். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தபோது, நூலகத்தில் அமெரிக்க நாடகங்களின் தொகுப்பு ஒன்று கிடைத்தது. தடித்த புத்தகம், அட்டை கழன்றது. அதில்தான் எல்மர் ரைஸ் எழுதிய 'ஸ்ட்ரீட் சீன்' இருந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். முதல் அங்கம் பாதி தாண்டுவதற்குள் அகராதியை மூடிவிட்டேன். ஒரு சொல் புரியாவிட்டாலும் அடுத்து யார் என்ன பேசுவார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் பிளாக்குதானே இது என்று தோன்றியது.

நியூயார்க்கில், கொஞ்சம் சிதிலமான ஒரு அடுக்குமாடி வீட்டின் முன்வாசல். மேடையில் தெரிவது அது மட்டும்தான். தெருவிலிருந்து வாசல் வரை ஏறும் சில படிகள், மேலே வரிசையாக ஜன்னல்கள், கீழே காவலாளி குடும்பம் இருக்கும் நிலவறை. ஜூன் மாதத்துப் புழுக்கமான சாயங்காலம். உள்ளே இருக்க முடியாமல் பெண்கள் படிக்கு வருகிறார்கள். ஒருத்தி ஜன்னலில் சாய்ந்துகொள்கிறாள். வெயிலைப் பற்றிப் பேச்சு ஆரம்பிக்கிறது. அப்புறம் பிள்ளைகளைப் பற்றி. அப்புறம், அங்கே இல்லாதவளைப் பற்றி.

ரைஸ் 1892-இல் நியூயார்க்கிலேயே பிறந்தவர். சட்டம் படித்து, அதை விட்டுவிட்டு நாடகத்துக்கு வந்தவர். இந்த நாடகத்தைப் பல தயாரிப்பாளர்கள் வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். கதாநாயகன் யார் என்றே தெரியாமல் ஏறக்குறைய 50 பேர் வந்து போகிற நாடகத்தை யார் பார்ப்பார்கள் என்ற சந்தேகம் இருந்திருக்கும். கடைசியில் ரைஸே இயக்கினார். 1929 ஜனவரியில் மேடையேறி 601 முறை நடந்தது. அந்த ஆண்டின் புலிட்சர் பரிசும் இதற்குத்தான். மேடையில் அந்த வீட்டை ஜோ மீல்ஸினர் அப்படியே எழுப்பியிருந்தார்.

அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாலே எனக்கு ஒரு சந்தோஷம் வரும். இசை சொல்லித்தரும் இத்தாலியர், அவருடைய ஜெர்மானிய மனைவி. சுவீடனிலிருந்து வந்த காவலாளி தம்பதி. வீட்டுக்குள்ளிருந்தபடி பத்திரிகை படித்து, முதலாளித்துவத்தைத் திட்டிக்கொண்டே இருக்கும் யூதப் பெரியவர் காப்லான், ஆசிரியையான அவர் மகள், சட்டம் படிக்கும் மகன் சாம். புருஷன் விட்டுவிட்டுப் போய், வாடகை கட்ட முடியாமல், நாளைக்கே வெளியேற்றப்படப் போகிற ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும். பிரசவ வேதனையில் ஒரு பெண், பயந்து நடுங்கும் அவள் கணவன். எல்லாருடைய சங்கதியும் தெரிந்த மிஸஸ் ஜோன்ஸ். இவர்களுக்கு நடுவில் மாரன்ட் குடும்பம். அப்பா நாடகக் கொட்டகையில் மேடை வேலை செய்கிறவர், எதற்கெடுத்தாலும் கத்துகிறவர். அம்மா அன்னா. மகள் ரோஸ் ஆபீஸுக்குப் போகிறாள். சின்னப் பையன் ஒருவன்.

இதில் என் மனதில் ஒட்டிக்கொண்டது கொலை இல்லை, ஐஸ்கிரீம். இத்தாலியர் கை நிறைய ஐஸ்கிரீம் கோன்களோடு வந்து படியில் இருக்கும் எல்லாருக்கும் கொடுக்கிறார். உடனே அமெரிக்காவைக் கண்டுபிடித்தது யார் என்று ஒரு சண்டை. கொலம்பஸ் என்கிறார் இத்தாலியர். எங்கள் ஊர் ஆள்தான் முதலில் போனார் என்கிறார் சுவீடன்காரர். புழுக்கத்தில் வேர்த்துக்கொண்டு, வழிகிற ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டு, தங்களுக்கு ஒரு அடி நிலம்கூட இல்லாத நாட்டைக் கண்டுபிடித்தது யார் என்று அடித்துக்கொள்கிறார்கள். எங்கள் படியில் எம்ஜிஆரா சிவாஜியா என்று தாத்தாவும் எலக்ட்ரீஷியன் அண்ணனின் அப்பாவும் மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். இருவரும் மறுநாள் ஒரே பீடிக் கட்டைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். அந்த மாதிரி சண்டை மனிதர்களை ஒட்டவைக்கிறது.

வேறு மாதிரி சண்டையும் உண்டு. காப்லானைப் பற்றி அந்த வீட்டில் பேசுகிற பேச்சில் அவர் யூதர் என்பது அடிக்கடி வந்து விழும். மற்ற நேரத்தில் நன்றாகத்தான் பழகுவார்கள். கோபம் வந்தால் மட்டும் அந்தச் சொல் முதலில் வாயில் வரும். எங்கள் பிளாக்கில் சாதியும் அப்படித்தான். குழம்பு கைமாறும், குழந்தை கைமாறும், குழாயடியில் குடம் ஒன்று முன்னே பின்னே போய்விட்டால் அந்தச் சொல் வெளியே வந்துவிடும். சொன்னவர்கள் மறந்துவிடுவார்கள், கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். ரைஸ் இதை மூடி மறைக்காமல் எழுதியதற்காக எனக்கு அவர் மேல் மரியாதை.

சரி, கதைக்கு வருகிறேன். அன்னா மாரன்டுக்கும் பால் கம்பெனிக்குப் பணம் வசூலிக்க வருகிற சாங்கிக்கும் பழக்கம். அது படியில் உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். அவள் இறங்கி வந்தால் பேச்சு நின்றுபோகும். சிரித்துக்கொண்டே நலம் விசாரிப்பார்கள். அவள் தலை மறைந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். அன்று இரவு பிரசவ வேதனைப்படும் பெண்ணுக்கு விடிய விடிய துணையிருக்கப் போகிறவள் அன்னாதான். யாரைப் பற்றி வீடு முழுக்கப் பேசுகிறதோ, அவள்தான் அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டிப் போய் நிற்கிறாள்.

மறுநாள் காலை, கணவன் வெளியூர் வேலைக்குக் கிளம்பிவிட்டான் என்று நம்பி அவள் சாங்கியை மேலே வரச் சொல்கிறாள். சாங்கி உள்ளே போகிறான். ஜன்னல் திரை இறங்குகிறது. மாரன்ட் திரும்பி வருகிறான். தெருவில் இருக்கும் சாம் கத்துகிறான். துப்பாக்கிச் சத்தம். இது எதுவுமே நமக்குக் காட்டப்படுவதில்லை. நாம் தெருவில் நிற்கிறோம். திரை கிழிந்து ஒரு முகம் ஜன்னலில் தெரிந்து மறைகிறது. அவ்வளவுதான். அதே நேரத்தில், வாடகை கட்டாத தாயின் சாமான்களைக் கோர்ட்டு ஆட்கள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து நடைபாதையில் வைக்கிறார்கள். மேலே ஒரு பிறப்பு முடிந்திருக்கிறது, ஒரு சாவு நடக்கிறது, கீழே ஒரு குடித்தனம் தெருவுக்கு வருகிறது. எல்லாம் ஒரே வாசல் வழியாக.

பலரும் இதைக் கள்ள உறவு, கொலை என்று இரண்டு வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். என்னால் அதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. கொலையைக் காட்ட ரைஸுக்கு ஆசை இருந்திருந்தால் நம்மை வீட்டுக்குள் கூட்டிப் போயிருப்பார். கடைசி வரை அவர் நம்மைப் படியை விட்டு நகரவே விடவில்லை. நாம் மிஸஸ் ஜோன்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்கிறோம். கேட்டுவிட்டு என்ன செய்தோம் என்பதுதான் நாடகம். 1931-இல் கிங் விடோர் இதைப் படமாக எடுத்தபோதும் கேமராவை அந்த வீடுகளுக்குள் கொண்டுபோகவில்லை. அது சரியான முடிவு. 1947-இல் கர்ட் வைல் இசையில் இது மேடை இசை நாடகமாகவும் வந்தது, பாடல்களை எழுதியவர் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ். ஐஸ்கிரீமுக்காகவே அதில் ஆறு பேர் சேர்ந்து பாடுகிற ஒரு பாட்டு உண்டு. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் படி ஞாபகம் வரும்.

கேட்டுவிட்டு என்ன செய்தோம் என்ற கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததில்லை.

2003 கோடை. சென்னையில் தண்ணீர் இல்லாத வருஷம். வீராணம் தண்ணீர் வர இன்னும் ஒரு வருஷம் இருந்தது. லாரி வந்தால்தான் தண்ணீர். பிளாக் முழுக்கப் பிளாஸ்டிக் குடங்கள், பச்சை, நீலம், ஆரஞ்சு. குடம் மாறிவிடாமல் இருக்க ஒவ்வொன்றிலும் பேரின் முதல் எழுத்தை நெயில் பாலிஷில் எழுதியிருப்பார்கள். நான் ஒன்பதாம் வகுப்பு படித்தேன். எங்கள் வீடு முதல் மாடியில். எங்களுக்கு நேர் மேலே மாடி அக்கா. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. இரண்டு குழந்தைகள்.

ஒரு ராத்திரி பச்சைக் குடம் ஒன்று மேலிருந்து உருண்டு வந்தது. தண்ணீரோடு. ஒவ்வொரு படியிலும் ஒரு சத்தம், ஒவ்வொரு படியிலும் தண்ணீர் சிதறி, எங்கள் வாசலில் வந்து மோதி நின்றது. கழுத்தில் சின்னதாக ஒரு விரிசல். அம்மா கதவைத் திறந்து குடத்தைப் பார்த்தார். மேலே பார்த்தார். அடி விழுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு வேறு சத்தம் எதுவும் ஒப்பாகாது, கேட்டவர்களுக்குத் தெரியும். அம்மா குடத்தை எடுத்து ஓரமாக நிமிர்த்தி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். உள்ளே ஆயா சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார்.

அந்த வீட்டில் நான் பார்த்த மிகக் கெட்ட காரியம் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆயா கெட்டவர் இல்லை. தானும் அப்படி அடி வாங்கி வளர்த்த பிள்ளைகள் அவருக்கு. அந்தச் சத்தம் அவருக்குப் பழைய சத்தம். ஆனால் அன்றிலிருந்து மேலே சத்தம் கேட்டால் எங்கள் வீட்டில் டிவி சத்தம் கூடும். எதிர் வீட்டிலும் கூடும். மறுநாள் காலை குழாயடியில் மட்டும் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கும்.

"இன்னாடி, ராத்திரி பூரா ஒரே ரகளை?"

"அவ வாய் சும்மா இருக்காது. எதுத்துப் பேசுறா."

மாடி அக்கா குடத்தோடு வந்தால் பேச்சு நின்றுவிடும். "வாம்மா, நீ புடி முன்னால" என்று வரிசையில் இடம் விடுவார்கள். அது இரக்கம்தான். ஆனால் அந்த இரக்கம் குழாயடியோடு நின்றுவிட்டது. அன்னா மாரன்ட் படியிறங்கும்போது பேச்சு நிற்கிற இடத்தைப் படித்தபோது என் கை புத்தகத்தை மூடிவிட்டது. கொஞ்ச நேரம் திறக்கவில்லை.

மே மாதக் கடைசி என்று நினைவு. இரவு எட்டரை இருக்கும். செருப்பு இழுத்துக்கொண்டு ஏறியது. கொஞ்ச நேரத்தில் மேலே சத்தம் தொடங்கியது. ஆயா ரிமோட்டைத் தேடினார். அப்போது படியில் இன்னொரு காலடி கேட்டது, கீழிருந்து மேலே. மெதுவாக, ஒவ்வொரு படிக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு. நான் கதவிடுக்கில் பார்த்தேன். இட்லி அத்தை. கையில் ஒரு முறம், அதில் சின்ன வெங்காயம். மூட்டு வலிக்காரர், மாடி ஏறவே மாட்டார். எங்கள் வாசலைத் தாண்டி மேலே போனார். மாடி அக்கா வீட்டு வாசல்படியில், திறந்திருந்த கதவுக்கு நேராக உட்கார்ந்தார். முறத்தை மடியில் வைத்தார். வெங்காயம் உரிக்க ஆரம்பித்தார்.

உள்ளேயிருந்து அந்த அண்ணன் வெளியே வந்தார்.

"இன்னா அத்தே, இங்க?"

"ஒண்ணுமில்லப்பா. கீழ ஒரே புழுக்கம். இங்க காத்து வருதுன்னு வந்தேன்."

"வூட்டுல கொஞ்சம் பேச வேண்டியது கீது. நீ கீழ போ."

"நீ பேசு. நான் வெங்காயம் உரிக்கிறேன்."

அவர் அங்கேயே நின்றார். அத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தோலை உரித்து ஒரு பக்கம், வெங்காயத்தை ஒரு பக்கம். பத்து நிமிஷம் இருக்கும். அம்மா எழுந்து முருங்கைக்கீரைக் கொத்தை எடுத்துக்கொண்டு மேலே போனார். நான் பின்னாலேயே போனேன். யாரும் என்னைத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. எதிர் வீட்டு அண்ணி கைக்குழந்தையோடு வந்தார். நான்கு பெண்களும் ஒரு குழந்தையுமாக அந்தப் படியில் உட்கார்ந்திருந்தோம். லாரி எப்போது வரும் என்று பேசினோம். இட்லி அரிசி விலை பேசினோம். உள்ளே மாடி அக்கா குழந்தைகளுக்குச் சோறு ஊட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அந்த அண்ணன் எங்களைத் தாண்டி இறங்கி, மொட்டை மாடிக்குப் போகாமல், வெளியே தெருவுக்குப் போனார். திரும்பி வந்தபோது மணி பதினொன்று. நேராகப் போய்ப் படுத்துவிட்டார். அத்தை ஒரு முறம் வெங்காயத்தை முடித்திருந்தார். எழுந்திருக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். அவர் கையிலிருந்த வெங்காய வாசனை என் சட்டையில் இரண்டு நாள் இருந்தது.

அதற்கப்புறம் அவர் அடிக்கவே இல்லை என்று எழுத எனக்கு ஆசை. அப்படி நடக்கவில்லை. படியில் ஆள் இருந்த ராத்திரிகளில் அடி விழவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும். தினமும் யாராலும் உட்கார முடியாது. அத்தைக்கு விடியற்காலை வியாபாரம், அம்மாவுக்கு எக்ஸ்போர்ட் கம்பெனி வேலை. ஒரு முறை ஸ்டேஷன் வரை போனார்கள். குடும்பச் சண்டை, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் எங்கள் வீட்டில் டிவி சத்தம் அதற்கப்புறம் கூடவில்லை. ஆயாவே ரிமோட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, "போய் உக்காருடி" என்பார்.

புறம் பேசுகிறவர்களை எனக்கு முழுசாக வெறுக்க முடியாததும் இதனால்தான். மிஸஸ் ஜோன்ஸைப் படிக்கும்போது கோபம் வருகிறது, நியாயம்தான். ஆனால் வாட்ச்மேன் தாத்தா ஒரு நாள் காலை இருமாமல் போனதை முதலில் கவனித்தது எங்கள் பிளாக்கின் மிஸஸ் ஜோன்ஸ்தான். "இன்னிக்கி கெழவன் ஏறவே இல்லியே" என்று அவர் சொல்லித்தான் தேடினார்கள். வேலை பார்த்த இடத்தில் மயங்கிக் கிடந்தவரை ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனார்கள், பிழைத்தார். அடுத்தவர் வீட்டுச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிற பழக்கம் ஒன்றுதான். அது வாய்க்குப் போகிறதா, காலுக்குப் போகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த நியூயார்க் வீட்டில் காலுக்குப் போனது அன்னா ஒருத்திக்கு மட்டும். அவளுக்காக ஏறிப்போக ஒருத்தரும் இல்லை. வெங்காயத்தோடு ஒரு அத்தை அந்தப் படியில் உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு முறை படிக்கும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது அங்கத்தில், கொலை நடந்த வீட்டைப் பார்க்க வேறு தெருவிலிருந்து, பணக்கார வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரப் பெண்கள் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். பேப்பரில் வந்த படத்தையும் ஜன்னலையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ரோஸ் தம்பியைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டை விட்டுப் போகிறாள். தன்னோடு வர நினைக்கும் சாமிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறாள். ஒருவருக்கு ஒருவர் சொந்தம் கொண்டாடியதில்தான் தன் அப்பா அம்மா வாழ்க்கை இப்படி ஆனது என்று அவளுக்குப் புரிந்திருக்கிறது. பத்தொன்பதோ இருபதோ வயதில் அவளுக்கு வந்த அந்தத் தெளிவு எனக்கு முப்பது தாண்டித்தான் வந்தது. அவள் போனதும் மிஸஸ் ஜோன்ஸ் படியில் உட்கார்ந்து அவளைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறாள். நடுத்தர வயதில் ஒரு தம்பதி வந்து, வீடு காலியாக இருக்கிறதா என்று கேட்கிறார்கள்.

மாடி அக்கா அந்த வருஷம் ஆடி மாதம் போனார். அவருடைய அம்மா ஊரிலிருந்து வந்து, இரண்டு குழந்தைகளையும் இரண்டு பைகளையும் கூட்டிக்கொண்டு காலை ஏழு மணிக்கு இறங்கினார்கள். படியில் இருந்த எல்லாரும் எழுந்து நின்றோம். இட்லி அத்தை ஒரு பொட்டலத்தில் இட்லி கட்டிக் கொடுத்தார். பஸ்ஸில் பிள்ளைகளுக்கு என்றார். வேறு யாரும் ஒன்றும் பேசவில்லை. ஒரு மாதத்தில் அந்த அண்ணனும் எங்கேயோ போய்விட்டார்.

ஆவணியில் புதுக் குடும்பம் வந்தது. அந்தப் பெண் வந்த அன்றே லாரியும் வந்தது, அவளிடம் இரண்டே குடம். அம்மா உள்ளே போய் அந்தப் பச்சைக் குடத்தை எடுத்து வந்தார். கழுத்து விரிசலை மெழுகு உருக்கி அடைத்திருந்தார். "முக்கால் குடம் வரைக்கும் புடிம்மா, ஒழுகாது" என்று கொடுத்தார். பழைய எழுத்தை அழித்துவிட்டு அவள் பேரின் எழுத்தை எழுதலாம் என்று நான் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் தேய்த்துப் பார்த்தேன். சிவப்பு லேசாக மங்கியது, போகவில்லை. அதற்குப் பக்கத்திலேயே அவளுடையதை எழுதினேன். அது காய்வதற்குள் அவள் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு படியேறத் தொடங்கிவிட்டாள்.